ரேஸ் கொடுத்தால் நின்றுபோகும் படகு மோட்டார்: கார்பரேட்டரைத் தொடுவதற்கு முன்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ராணிப்பேட்டைப் பக்கம் நண்பர்கள் சேர்ந்து மழைக்கால மீட்பு வேலைக்காக ஒரு பழைய ரப்பர் படகும் 25 எச்பி டூ ஸ்ட்ரோக் மோட்டாரும் வாங்கியிருக்கிறீர்கள். கயிறு இழுத்தால் மூன்றாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது. ஸ்லோவில் அணையாமல் நன்றாக ஓடுகிறது. ஏரியில் இறக்கி முழு ரேஸ் கொடுத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. டேங்கிலிருந்து மோட்டாருக்கு வரும் ஓஸில், பெட்ரோலைக் கையால் தள்ளிவிட இருக்கும் ரப்பர் பல்பை நாலு அழுத்து அழுத்தினால் திரும்ப ஓடுகிறது, திரும்ப நிற்கிறது. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. இப்போது புது கார்பரேட்டர் போடச் சொல்கிறார்கள், போடலாமா என்கிறீர்கள்.

வேண்டாம். காசை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியதிலேயே விடை பாதி இருக்கிறது. பல்பை அழுத்தியதும் மோட்டார் உயிர் பிடிக்கிறது என்றால், பெட்ரோல் வந்து சேர்ந்தால் கார்பரேட்டர் அதை ஒழுங்காக உள்ளே அனுப்புகிறது என்று அர்த்தம். முழு ரேஸுக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான மெயின் ஜெட் அடைத்திருந்தால் பல்பை எத்தனை முறை அழுத்தினாலும் இந்த அளவுக்குத் தெளியாது. ஸ்லோவில் அணையாமல் ஓடுகிறது, அதனால் ஸ்லோவுக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டும் சரி. பிளக், காயில் கோளாறு என்றால் பல்புக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது, அது பட்டென்று அணைத்துவிடும். உங்கள் மோட்டார் இருமி இருமி இறங்குகிறது. அதற்குப் பசி. டேங்கிலிருந்து, மோட்டாரில் பெட்ரோலை இழுக்கும் பம்ப் வரைக்குமான வழியில் எங்கோ பெட்ரோல் வரத்து குறைகிறது.

நான் இருபது வருடத்துக்கு மேல் வேலூர் சுற்றுவட்டாரத்தில் கிணற்று ஆயில் இன்ஜினும் பம்ப்செட்டும் பார்த்தவன். படகு மோட்டார் பின்னால்தான் கைக்கு வந்தது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், இந்தக் கோளாறு நம் விவசாயி எல்லோருக்கும் தெரிந்த கோளாறுதான். பம்ப்செட் தண்ணீரைப் பாதியில் விட்டுவிட்டால் முதலில் என்ன பார்ப்போம்? கிணற்றுத் தண்ணீரை இழுக்கும் சக்சன் பைப்பும், அதன் அடியில் இருக்கும் புட்வால்வும். டெலிவரி பக்கம் ஓட்டை இருந்தால் தண்ணீர் பீய்ச்சி அடித்துக் காட்டிக்கொடுக்கும். சக்சன் பக்கம் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டுகூட வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். உங்கள் மோட்டாரில் டேங்கிலிருந்து பெட்ரோல் பம்ப் வரை முழுக்க சக்சன் பக்கம். அதனால் "எங்கேயும் ஒழுகவில்லை, ஓஸ் நல்லாத்தான் இருக்கு" என்று நீங்கள் எழுதியதை நான் கணக்கில் எடுக்கப் போவதில்லை. அங்கே ஒழுகாது. இழுக்கும்.

முதல் சோதனைக்கு ஸ்பானர்கூடத் தேவையில்லை. ஒருவர் மோட்டாரை ஓட்டட்டும், இன்னொருவர் பல்பைக் கையில் பிடித்துக்கொள்ளட்டும். முழு ரேஸ் கொடுத்து, மோட்டார் தடுமாறத் தொடங்கும் அந்த நொடியில் பல்பு கைக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சப்பையாக உள்ளே ஒட்டிப் போயிருந்தால், பல்புக்கு முன்னால், அதாவது டேங்க் பக்கம் அடைப்பு. மோட்டார் இழுக்கிறது, டேங்க் விடவில்லை. சப்பையாகாமல், உருண்டையாகவே, ஆனால் அழுத்தினால் காற்றுப்பை போல மெத்தென்று இருந்தால் எங்கோ காற்று எடுக்கிறது, இல்லை பல்பின் வால்வு பிடிக்கவில்லை. கல் மாதிரி கெட்டியாக இருந்துகொண்டே மோட்டார் நின்றால், பெட்ரோல் பல்பு வரை வந்துவிட்டது, அதற்கு மேலே போகவில்லை. அப்போது மோட்டார் பக்கத்து ஃபில்டரையும் பம்பையும் பாருங்கள்.

சப்பையாக இருந்தால் டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். வண்டியில் ஏற்றி வரும்போது பெட்ரோல் சிந்தக் கூடாது என்று அதை இறுக்கி வைப்பார்கள். படகில் திறக்க மறந்துபோவார்கள். காற்று உள்ளே வராமல் பெட்ரோல் வெளியே போகாது. ஸ்லோவில் ஓடும்போது செலவு குறைவு, அதனால் தெரியாது. முழு ரேஸில் இரண்டு மூன்று நிமிடத்தில் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி இழுவை நின்றுவிடும். உங்கள் அறிகுறிக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. திருகு திறந்திருந்தாலும் ஓட்டையில் தூசியோ குளவி கட்டிய மண்ணோ அடைத்திருக்கலாம். பத்து மாதம் ஸ்டோர் ரூமில் கிடக்கிற டேங்கில் குளவி கூடு கட்டுவது நம் ஊரில் சாதாரணம். சோதனைக்காக மூடியை ஒரு சுற்று தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஓடினால் அங்கேயே கதை முடிந்தது.

அதுவும் இல்லை என்றால் டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயை வெளியே எடுத்துப் பாருங்கள். அடியில் சின்ன வலை இருக்கும். பழைய டேங்கில் துருவும் பிசினும் சேர்ந்து வலை மேல் தோல் போலப் படிந்திருக்கும். ஸ்லோவுக்கு வேண்டிய பெட்ரோல் அதில் கசிந்து வரும், ரேஸுக்கு வேண்டியது வராது.

ஓஸ் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நானே இதில் ஏமாந்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் காவேரிப்பாக்கம் பக்கம் ஏரி மீன் குத்தகை எடுத்த ஒருவர் மோட்டாரைக் கொண்டுவந்தார். இதே நோய். திருகு சரி, வலை சரி, பம்பைப் பிரித்து மாட்டினேன், அதுவும் சரி. ஓஸை வாயில் வைத்து ஊதினால் காற்று தாராளமாகப் போனது. ஓஸ் நல்ல ஓஸ் என்று முடிவு கட்டி இரண்டு நாள் வேறெங்கோ தேடினேன். கடைசியில் வேறு வழி தெரியாமல் ஓஸை பிளேடு வைத்து நீளவாக்கில் கிழித்தேன். வெளித்தோல் கருப்பாக, பளபளப்பாக, புதிதுபோல இருந்தது. உள்தோல் தனியாகக் கழன்று, வெங்காயத்தின் மெல்லிய சவ்வு போல ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தது. ஊதும்போது அந்தச் சவ்வு சுவரோடு ஒட்டி வழிவிடுகிறது. இழுக்கும்போது பிரிந்து வந்து குறுக்கே மூடிக்கொள்கிறது. ஒரு கதவு மாதிரி வேலை செய்திருக்கிறது. அன்றிலிருந்து ஓஸை ஊதிப் பார்த்து முடிவு சொல்வதை விட்டுவிட்டேன். வயது தெரியாத ஓஸ் என்றால் பல்போடு சேர்த்து மாற்றுவதுதான் என் வழக்கம். மற்ற உதிரிபாகங்களோடு பார்த்தால் அது பெரிய செலவில்லை.

மாற்றும்போது கடையில் கிடைக்கிற கண்ணாடி பிளாஸ்டிக் டியூபை வாங்கி மாட்டாதீர்கள். வேலூர் வெயிலில் ஒரு கோடையிலேயே விறைத்து, மூட்டில் வெடித்துவிடும். பெட்ரோலில் கலந்து வரும் எத்தனால் என்ற ஆல்கஹாலைத் தாங்கும் என்று குறிப்பிட்ட பெட்ரோல் ஓஸ் வாங்குங்கள். உள்விட்டம் பழைய ஓஸில் இருந்த அளவே இருக்கட்டும். இந்த அளவு மோட்டார்கள் பலவற்றில் 5/16 இன்ச், அதாவது 8 மில்லிமீட்டர் வரும். "கால் இன்ச்தான் இருக்கு, போட்டுக்கோங்க" என்றால் வாங்கிவிடாதீர்கள், முழு ரேஸில் அதுவே பற்றாக்குறைக்குக் காரணமாகும். இன்னொன்று, மூட்டுகளைக் கட்டுக்கம்பி முறுக்கி இறுக்குவது நம் பக்கத்து வழக்கம். கம்பி ரப்பரை ஒரு இடத்தில் வெட்டும், எதிர்ப்பக்கம் சின்ன இடைவெளி விடும். அந்த இடைவெளியில்தான் காற்று போகும். திருகு கிளிப் போடுங்கள். பல்பில் அம்புக்குறி இருக்கும், அது மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் அழுத்தும்போது பல்பை அம்பு மேல்நோக்கி இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து அழுத்துங்கள், உள்ளே இருக்கும் வால்வு நன்றாக உட்காரும். அப்புறம், மோட்டாரில் சொருகும் கனெக்டருக்குள் ஓ ரிங் என்ற சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது. வெடித்த ஓ ரிங் ஒன்று போதும், மோட்டார் பெட்ரோலுக்குப் பதில் காற்றைக் குடிக்கும்.

காற்று எடுக்கிறதா என்று கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. பல்புக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு சாண் கண்ணாடி பிளாஸ்டிக் டியூபை சோதனைக்கு மட்டும் இணைத்து ஓட்டுங்கள். வரிசையாகக் குமிழி வந்தால் சந்தேகமே வேண்டாம். ஒவ்வொரு மூட்டாகக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தால், எந்த மூட்டைப் பிடிக்கும்போது குமிழி நிற்கிறதோ அதுதான் இடம். சோதனை முடிந்ததும் டியூபைக் கழற்றிவிட வேண்டும்.

இவ்வளவையும் ஒரே அடியில் பாதியாகக் குறைக்கிற வழி, நன்றாக ஓடுகிற வேறொரு மோட்டாரின் டேங்கையும் ஓஸையும் அப்படியே கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பது. சென்னைக் கடற்கரையில் கேட்டால் பத்து பேர் தருவார்கள். நம் பக்கம் படகு மோட்டாரே அபூர்வம், அதனால்தான் பல்பைப் பிடித்துப் பார்க்கும் சோதனையை முதலில் சொன்னேன். கிடைத்தால் விடாதீர்கள்.

இப்போது பெட்ரோலுக்கு வருகிறேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பழைய மோட்டார் வைத்திருப்பவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கூடாது. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் தண்ணீரை உறிஞ்சும். கொஞ்சம் தண்ணீர் வரை தனக்குள் வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தனி அடுக்காக உட்கார்ந்துவிடும். உறிஞ்சு குழாயின் வாய் இருப்பதும் அதே அடியில்தான். டூ ஸ்ட்ரோக்கில் ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் நீங்கள் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும், அடி அடுக்கில் இருக்காது. மோட்டார் அதைக் குடித்து ஓடினால் பிஸ்டன் ஆயில் இல்லாமல் உரசும். பழைய மோட்டாரின் ரப்பர் பாகங்கள் எத்தனாலை மனதில் வைத்துச் செய்ததும் அல்ல. பல்பு பிசுபிசுவென்று கையில் ஒட்டினால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

சோதிக்க ஒரு கண்ணாடி பாட்டில் போதும். டேங்கை ஆட்டாமல், அடியிலிருந்து கால் லிட்டர் எடுத்து பாட்டிலில் ஊற்றி, நிழலில் அரை மணி நேரம் வையுங்கள். நல்ல பெட்ரோல் ஒரே நிறமாக நிற்கும். அடியில் கோடு போட்டதுபோல இன்னொரு அடுக்கு தெரிந்தாலோ, முத்து முத்தாகத் தண்ணீர் உருண்டாலோ, டேங்க் முழுவதையும் கொட்டிக் கழுவ வேண்டும். மேலே புதுப் பெட்ரோல் ஊற்றி ஒப்பேற்ற முடியாது. மோந்தும் பாருங்கள். கெட்ட பெட்ரோலுக்குப் பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த வாசனை வரும்.

கடற்கரைக்காரர் மோட்டார் தினமும் ஓடுகிறது, பெட்ரோல் தங்குவதில்லை. நமக்கு அப்படி இல்லை. பாலாறு வருடத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. 2021 நவம்பரில் வந்ததுபோல ஒரு வெள்ளம் எப்போதோ ஒரு முறை வருகிறது. நடுவில் மோட்டார் தகரக் கூரைக்குக் கீழே, 40 டிகிரி தாண்டும் கோடையில் கிடக்கிறது. வெயிலில் பெட்ரோலின் லேசான பாகம் ஆவியாகிப் போய், மிச்சம் பிசினாகி ஜெட்டிலும் வலையிலும் படிகிறது. நம் பக்கத்து மோட்டார்களில் நான் பார்த்த பழுதில் பெரும்பாலானவை இப்படிச் சும்மா கிடந்ததால் வந்தவை.

அதனால் சீசன் முடிந்ததும் ஒன்று செய்யுங்கள். மோட்டாரின் அடிப்பாகம் தண்ணீரில் நிற்கும்படி 200 லிட்டர் டிரம்மில் மாட்டி, ஸ்டார்ட் செய்து, ஸ்லோவில் ஓடும்போதே பெட்ரோல் ஓஸைக் கழற்றிவிடுங்கள். கார்பரேட்டரில் இருப்பதைக் குடித்துவிட்டுத் தானாக நிற்கும். பிறகு கார்பரேட்டர் கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து மிச்சத்தையும் இறக்கிவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள், குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் ரப்பர் இறக்கை கருகிவிடும். டேங்கைக் காலி செய்து காயவைத்து மூடுங்கள். ஆயில் கலக்காத பெட்ரோலாக இருந்தால் பைக்கில் ஊற்றித் தீர்த்துவிடலாம், அதனால் அன்றன்று தேவைப்படும் அளவுக்கு மட்டும் ஆயில் கலப்பது நல்லது. உங்கள் மோட்டாரின் கையேடு 50:1 என்று சொன்னால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி, பத்து லிட்டருக்கு 200 மில்லி. கையேடு வேறு சொன்னால் அதுதான் கணக்கு. ஆயில் டப்பாவில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று இருக்க வேண்டும். பழைய ஸ்கூட்டருக்கு ஊற்றும் 2டி ஆயில் காற்றில் குளிரும் இன்ஜினுக்கானது, தண்ணீரில் குளிரும் மோட்டாருக்கு அது சேராது.

பல்பு கல்லாக இருந்தும் மோட்டார் நிற்கிறது என்றால் இப்போதுதான் மோட்டாரின் மேல்மூடியைத் திறக்க வேண்டும். முதலில் அங்கிருக்கும் சின்ன ஃபில்டர் கிண்ணம். அது சுத்தமாக இருந்தால் பெட்ரோல் பம்ப். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குப் பின்பக்கம் இருக்கும் கிராங்க் கேஸின் அழுத்தம் ஏறி இறங்குவதுதான் பம்புக்குள் இருக்கும் டயாபிராமை ஆட்டுகிறது. அந்தச் சவ்வு விறைத்துவிட்டால் ஸ்லோவுக்குத் தரும், ரேஸுக்குத் தராது. கழற்றும்போது ஒவ்வொரு அடுக்கையும் போனில் படம் எடுத்து வையுங்கள், கேஸ்கட் வரிசை மாறினால் பம்ப் வேலையே செய்யாது. சவ்வை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகப் பெட்ரோல் நேராக கிராங்க் கேஸுக்குள் போகும், ஒரு பிளக் மட்டும் எப்போதும் நனைந்து கருப்பாக இருக்கும். சவ்வும் கேஸ்கட்டும் சேர்ந்த கிட் தனியாகக் கிடைக்கிறது, முழு பம்ப் வேண்டியதில்லை.

கார்பரேட்டரைப் பற்றி ஒன்றே ஒன்று. ஏற்கெனவே இரண்டு முறை கழற்றியவர் ஜெட்டைச் சேஃப்டி பின் கொண்டு குத்தியிருந்தால் ஓட்டை பெரிதாகியிருக்கும். ஜெட் பித்தளை, சீக்கிரம் தேயும். தூண்டில் நரம்பு விட்டு எடுத்து, கிளீனர் அடித்து ஊதினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. பல்பை அழுத்திக்கொண்டே முழு ரேஸில் ஓட்டி வேலையை முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது, காற்று அதிகமாகிச் சூடு ஏறுகிறது. பிஸ்டன் பிடித்துவிடும், இல்லை உருகி ஓட்டை விழும். அதைவிட எனக்குக் கவலை வேறு. வெள்ளத்தில் மோட்டார் நின்றால் படகு நீரோட்டம் போகிற பக்கம் போகும், அங்கே பாலத்தின் தூண் இருக்கும். படகில் குழந்தையையும் வயதானவரையும் ஏற்றியிருப்பீர்கள். உங்களைப் போன்ற பிள்ளைகள் சொந்தக் காசில் படகு வாங்கி நிற்பதைப் பார்த்தால் மனது நிறைகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியனும், அந்தந்த ஊர்த் தீயணைப்பு நிலையமும் இருக்கின்றன. ஓடுகிற ஆற்றில் அவர்கள் இறங்கட்டும். நீங்கள் தெருவில், வயலில் தேங்கிய தண்ணீரில் வேலை செய்யுங்கள். அங்கேயும் துடுப்பும் லைஃப் ஜாக்கெட்டும் இல்லாமல் மோட்டாரை நம்பிப் போகாதீர்கள்.

பெட்ரோல் வேலை முழுவதும் படகுக்கு வெளியே, காற்றோட்டமான தரையில் நடக்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் போய்த் தங்கும். டேங்கைத் தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். வெயிலில் மூடி இறுக்கிய டேங்கை ஓஸோடு மோட்டாரில் சொருகி வைக்கவும் கூடாது. டேங்க் உப்பி, அந்த அழுத்தம் பெட்ரோலை, கார்பரேட்டருக்குள் அதை அளந்து விடும் நீடில் வால்வைத் தாண்டித் தள்ளிவிடும். கார்பரேட்டர் வழிந்து நிற்கும், அப்புறம் ஸ்டார்ட் ஆகவில்லை என்று இன்னொரு கேள்வி எழுதுவீர்கள்.

சரி செய்தபிறகு டிரம்மில் ஓட்டிப் பார்த்துத் திருப்தியாகிவிட வேண்டாம். டிரம்மில் முழு ரேஸ் கொடுக்கவே முடியாது, தண்ணீர் முழுக்க வெளியே வாரி அடித்துவிடும். அனுமதி வாங்கி ஏரியில் இறக்கி, நாலு பேர் எடையோடு, கரையை ஒட்டியே, பத்து நிமிடம் தொடர்ந்து முழு ரேஸில் ஓட வேண்டும். செப்டம்பரிலேயே செய்துவிடுங்கள். அக்டோபர் பிறந்தால் வடகிழக்குப் பருவமழை நேரம் கொடுக்காது.

இப்போதைக்கு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போகும்போது மூடித் திருகைத் திறந்து, பல்பை ஒருவர் கையில் பிடித்துப் பாருங்கள். சப்பையா, மெத்தா, கல்லா என்று மட்டும் எனக்கு எழுதுங்கள். அதுவரை கடைக்காரரிடம் எதற்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.